முற்பிதாக்களை வாசிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

ஆதியாகமம் 27-ஆம் அதிகாரத்தில் யாக்கோபு ஆட்டுக்குட்டித் தோலைக் கையிலும் கழுத்திலும் சுற்றிக்கொண்டு, அண்ணன் ஏசாவின் உடுப்பையும் போட்டுக்கொண்டு, மூத்தவனுக்குரிய ஆசீர்வாதத்தை வாங்க, கண் மங்கிப்போன தகப்பன் ஈசாக்கின் முன்னால் போய் நிற்கிறான். அப்படியே பத்து அதிகாரம் தள்ளி 37-க்கு வாருங்கள். யாக்கோபின் பிள்ளைகள் ஓர் ஆட்டை அடித்து, யோசேப்பின் பலவருண அங்கியை அதன் இரத்தத்தில் தோய்த்து, "இது உம்முடைய மகனுடையதா, பாரும்" என்று கொண்டுவருகிறார்கள். அங்கேயும் ஓர் ஆடு, ஓர் உடுப்பு, இங்கேயும் அதேதான். தகப்பனை ஏமாற்றினவன் இப்போது ஏமாறுகிற தகப்பன்.

வேதம் இந்த இரண்டையும் சேர்த்து வைத்து விளக்கம் எதுவும் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு அடுத்த சம்பவத்துக்குப் போய்விடுகிறது. நாமும் அதோடு சேர்ந்து வேகமாகப் போய்விடுகிறோம். முற்பிதாக்களின் வாழ்க்கையை வாசிக்கும்போது நாம் செய்யும் தவறுகளில் பாதி இந்த வேகத்தில்தான் வருகிறது.

"யாக்கோபு பொய் சொல்லித்தானே ஆசீர்வாதம் வாங்கினான், தேவனும் அதை ஒத்துக்கொண்டாரே?" இந்தக் கேள்வியை வேதபாட வகுப்பில் நான் பல முறை கேட்டிருக்கிறேன். கேட்பவர்கள் குதர்க்கமாகக் கேட்பதில்லை, உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்கிறார்கள். பதில் 25-ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது. பிள்ளைகள் இருவரும் வயிற்றில் இருக்கும்போதே, "மூத்தவன் இளையவனைச் சேவிப்பான்" என்று தேவன் அவர்கள் தாய் ரெபெக்காளுக்குச் சொல்லிவிட்டார். பொய் சொல்லாவிட்டாலும் அது நடந்திருக்கும். பொய் கொண்டுவந்தது வேறு. ஏசாவின் கோபம் தணியும்வரை சில நாள் என் சகோதரன் லாபானிடம் போய் இரு என்று ரெபெக்காள் மகனை அனுப்பினாள். அந்தச் சில நாள் 20 வருஷமானது. அவள் தன் மகனை மறுபடி பார்த்ததாக ஒரு வரிகூட இல்லை. லாபான் வீட்டிலோ, அவனுடைய இளைய மகள் ராகேலைக் கட்டுவதற்காக ஏழு வருஷம் உழைத்தவனுக்கு இரவோடு இரவாக மூத்தவள் லேயாளைக் கொடுத்துவிட்டார்கள். கேட்டால், மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கமில்லை என்கிறான் லாபான். மூத்தவன் இடத்தில் போய் நின்ற இளையவனுக்கு அந்த வார்த்தை எங்கே போய்த் தைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தேவன் யாக்கோபைக் கைவிடவில்லை என்பது உண்மை. அதற்காக அவன் செய்ததையெல்லாம் சரி என்று சொன்னார் என்றாகாது.

இதே கண்ணோடு ஈசாக்கின் தகப்பன் ஆபிரகாமிடம் போவோம். ஆரானைவிட்டுப் புறப்படும்போது அவனுக்கு வயது 75. மனைவி சாராள் தன் எகிப்திய அடிமைப்பெண் ஆகாரை அவனுக்குக் கொடுத்தது, கானானில் பிள்ளைக்காகப் பத்து வருஷம் காத்திருந்த பிறகு. ஆகாருக்கு இஸ்மவேல் பிறக்கும்போது அவனுக்கு 86. அடுத்த வசனத்திலேயே 99 வயது என்று வருகிறது. நடுவில் இருந்த 13 வருஷத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சாராளுக்கு ஈசாக்கு பிறக்கும்போது 100. புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை வாங்கிவிட்டு, டிசம்பருக்குள் நிறைவேறவில்லையே என்று தவிக்கும் நமக்கு, இந்தக் கணக்கு கொஞ்சம் கடினமாகத்தான் இருக்கும்.

அவசரப்படாதே என்பது மட்டும் இதில் பாடமா? பிரசங்கங்களில் சாராளைக் குறைசொல்லிவிட்டு அதோடு முடித்துவிடுகிறோம். ஆபிரகாம் மறுப்பே சொல்லாமல் அவள் சொல்லைக் கேட்டான் என்பதும் அங்கே எழுதியிருக்கிறதே. நாம் யோசிக்கவே மறந்துபோவது ஆகாரைத்தான். அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. ஆபிரகாமும் சாராளும் பேசும் பேச்சுகளில் அவள் பெயரே வருவதில்லை. "அடிமைப்பெண்" என்பதோடு சரி. அவள் வீட்டைவிட்டு ஓடிப்போனபோது, சூருக்குப் போகும் வழியில், வனாந்தரத்து நீரூற்றின் அருகே, கர்த்தருடைய தூதன்தான் முதலில் "ஆகாரே" என்று பெயர் சொல்லி அழைக்கிறான். அவளோ, "நீர் என்னைக் காண்கிற தேவன்" என்று கர்த்தருக்கே ஒரு பெயரிடுகிறாள். நம் விசுவாசத்தின் பெயரால் நாம் அவசரப்பட்டு எடுத்த முடிவுகளுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்காமல் இந்த அதிகாரத்தை மூடிவைப்பது பெரிய தவறு என்றே நான் நினைக்கிறேன்.

உயிருக்குப் பயந்து ஆபிரகாம் சாராளைச் சகோதரி என்று சொன்ன பொய்யும் அப்படித்தான். எகிப்தில் பார்வோனிடம் ஒருமுறை, கேராரில் அபிமெலேக்கிடம் ஒருமுறை. இது திடீரென்று வந்த தடுமாற்றம் என்று பலர் நினைக்கிறோம். ஆனால் தகப்பன் வீட்டைவிட்டுப் புறப்பட்டபோதே, போகிற இடமெல்லாம் இப்படிச் சொல்ல வேண்டும் என்று மனைவியிடம் சொல்லிவைத்ததாக ஆபிரகாமே ஒத்துக்கொள்கிறான். விசுவாசத்தோடு புறப்பட்ட அதே நாளில் பயமும் மூட்டைக்குள் ஏறிவிட்டது. அந்த இரண்டு சம்பவங்களின்போதும் ஈசாக்கு பிறக்கவே இல்லை. ஆனாலும் பின்னாளில் அதே கேராரில், அதே பயத்தில், அவனும் தன் மனைவி ரெபெக்காளைச் சகோதரி என்கிறான். பிள்ளைகள் பார்க்காததுகூட வீட்டில் தங்கிவிடுகிறது.

அண்ணன்மாரால் விற்கப்பட்டு, பிறகு எகிப்தில் அதிபதியான யோசேப்பைப் பற்றி ஒரு வார்த்தை. "பொறுத்திரு, நீயும் அதிபதியாவாய்" என்று அவன் கதையைச் சூத்திரமாக்காதீர்கள். அவனுடைய கொள்ளுத்தாத்தா ஆபிரகாம் கானான் முழுவதையும் தருவேன் என்ற வாக்கைக் கேட்டவன். சாராளை அடக்கம்பண்ண 400 சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கிய மக்பேலா குகையும் அதைச் சேர்ந்த நிலமும்தான் கானானில் அவன் வாங்கிச் சொந்தமாக்கிய நிலம். வாக்குப்பண்ணப்பட்டவைகளை அடையாமல், "தூரத்திலே அவைகளைக் கண்டு, நம்பி அணைத்துக்கொண்டு" மரித்தார்கள் என்றுதான் எபிரெயர் நிருபம் இவர்களைப் பற்றிச் சொல்கிறது.

அப்புறம், எனக்கு மனதை அதிகம் பாரமாக்குவது வீட்டுக்குள் நடந்த பட்சபாதம். ஈசாக்குக்குக் கல்யாணமானபோது வயது 40. பிள்ளைகள் பிறந்தபோது 60. இருபது வருஷம் காத்திருந்து, ஜெபம்பண்ணிப் பெற்ற பிள்ளைகளை ஆளுக்கொருவராகப் பிரித்துக்கொண்டார்கள். அப்பாவுக்கு ஏசா, அதுவும் அவன் கொண்டுவரும் வேட்டைக்கறிக்காக. அம்மாவுக்கு யாக்கோபு. இதில் அடிபட்டு ஊரைவிட்டே ஓடின யாக்கோபாவது கற்றுக்கொண்டிருக்கலாம். அவனோ ஒரு படி மேலே போய், யோசேப்புக்கு மட்டும் பலவருண அங்கி செய்து எல்லார் கண்ணிலும் படும்படி உடுத்திவிட்டான். யோசேப்பைப் பறிகொடுத்த பிறகும் மாறவில்லை. அதே பாசத்தை அப்படியே, ராகேல் பெற்ற இன்னொரு மகன் பென்யமீன்மேல் வைத்தான்.

பெற்றோர் மாறினால்தான் குடும்பம் மாறும் என்று நாம் காத்திருக்கிறோம். 44-ஆம் அதிகாரத்தில் நடப்பது அப்படியில்லை. யோசேப்பை 20 வெள்ளிக்காசுக்கு விற்கலாம் என்று யோசனை சொன்னவன் யூதா, லேயாளின் மகன். இப்போது பென்யமீன் எகிப்தில் திருட்டுப் பழியில் மாட்டிக்கொள்கிறான். இவனையும் விட்டுவிட்டுப் போனால் ராகேலின் பிள்ளைகள் தொல்லை முடிந்தது. யூதாவோ, அது யோசேப்பு என்று தெரியாமலே அதிபதி முன்னால் போய் நின்று, தன் தகப்பன் சொன்னதை அப்படியே சொல்கிறான்: என் மனைவி எனக்கு இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள் என்று அவர் சொன்னாரே. அந்த வார்த்தையில் யூதாவின் தாய்க்கு இடமில்லை. யூதாவுக்கும் இடமில்லை. அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டு, தகப்பனின் உயிர் இந்தப் பிள்ளையின் உயிரோடு ஒட்டியிருக்கிறது, இவனுக்குப் பதிலாக என்னை அடிமையாக வைத்துக்கொள்ளும் என்று கெஞ்சுகிறான்.

அதற்குமேல் யோசேப்பால் தன்னை அடக்கிக்கொள்ள முடியவில்லை.