வாக்கு மெஷினைப் பற்றி வாதம் செய்வது எப்படி? புதிதாகப் பேச வருபவர்களுக்கு ஒரு செய்முறை

காட்பாடியில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி தினமும் சென்னைக்கு வேலைக்குப் போய்வருகிறவர்களுக்கு இது பழக்கமான காட்சி. வாலாஜா ரோடு வருவதற்குள் யாராவது அரசியல் பேச்சை எடுத்துவிடுவார்கள். அரக்கோணம் தாண்டும்போது அது எங்கெங்கோ போயிருக்கும். கட்சி, தலைவர், விலைவாசி என்றால் எல்லோரும் தைரியமாகப் பேசுகிறார்கள். ஆதார், ரேஷன் கடைக் கைரேகை, தெருவுக்குத் தெரு கேமரா, வாக்கு மெஷின் என்று தொழில்நுட்பம் சேர்ந்துவிட்டால் மட்டும் பேச்சு தடுமாறுகிறது. கருவி தெரிந்தவருக்குச் சட்டம் தெரிவதில்லை. சட்டம் தெரிந்தவருக்குக் கருவி தெரிவதில்லை. நடுவில் உட்கார்ந்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகள் செல்போனைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வாக்குப்பதிவு இயந்திரத்தையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். இதைப் பேசிப் பழகினால் மற்றதையும் பேசலாம். என் வழி ஒன்றுதான்: சண்டை எவ்வளவு பெரியதாக இருந்தாலும், சரிபார்க்க முடிகிற அளவுக்கு அதைச் சின்னதாக்கிவிட வேண்டும்.

படி 1: கேள்வியைப் பிரித்துப் போடுங்கள்

“மெஷின்ல தில்லுமுல்லு பண்றாங்க” என்று ஒருவர் சொல்கிறார். இந்த ஒரு வரிக்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன. அந்தக் கருவியில் தில்லுமுல்லு செய்ய முடியுமா? யாராவது செய்தார்களா? செய்தால் நமக்குத் தெரியவருமா? ஒன்றுமே நடக்காவிட்டாலும், சாதாரண வாக்காளருக்குப் புரியாத ஒரு கருவியை நம்பி ஓட்டுப் போடச் சொல்வது சரியா?

முதல் கேள்விக்குப் பொறியாளர் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவதற்கு ஆதாரம் வேண்டும். மூன்றாவதற்குத் தேர்தல் நடைமுறை தெரிய வேண்டும். நான்காவது முழுக்க அரசியல் கேள்வி. அதில் உங்களுக்கும் எனக்கும் வேறு வேறு கருத்து இருக்கலாம்.

ஒருவர் முதல் கேள்வியில் நின்று பேசுவார், இன்னொருவர் இரண்டாவதில் நின்று பதில் சொல்வார். நான் பார்த்த சண்டைகளில் பாதி இப்படித்தான். அதனால் எடுத்த எடுப்பில் மறுக்காதீர்கள். “அண்ணே, செய்ய முடியும்னு சொல்றீங்களா, செஞ்சாங்கன்னு சொல்றீங்களா?” என்று மரியாதையாகக் கேளுங்கள். அவர் என்ன பதில் சொன்னாலும் பேச்சுக்கு ஒரு எல்லை கிடைத்துவிடும்.

படி 2: கருவியைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதற்கு நேரம் செலவிடத்தான் வேண்டும், குறுக்கு வழி கிடையாது.

இந்தியாவில் இந்த மெஷினைச் செய்வது இரண்டே பொதுத்துறை நிறுவனங்கள்: பெங்களூருவின் பாரத் எலக்ட்ரானிக்ஸ், ஐதராபாத்தின் எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன். எழுத்தாளராக நாம் அறிந்த சுஜாதா, பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தபோது இதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்கெடுத்தவர்.

மெஷின் என்று நாம் சொல்வது மூன்று பெட்டிகள். நாம் பட்டன் அழுத்துவது பேலட் யூனிட்டில். அதில் நோட்டாவையும் சேர்த்து 16 வரிசை. அதற்கு மேல் போனால் பக்கத்தில் இன்னொன்றை இணைப்பார்கள். வாக்குச்சாவடி அலுவலர் மேசையில் இருப்பது கன்ட்ரோல் யூனிட். எண்ணிக்கை பதிவாவது இதில். மூன்றாவது விவிபாட். நாம் பட்டனை அழுத்தியதும் வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் அச்சான சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி தெரியும். அப்புறம் அறுந்து கீழே பெட்டியில் விழும்.

இந்தப் பெட்டிகளுக்கு இணையத் தொடர்பு கிடையாது, வைஃபை, புளூடூத் எதுவும் கிடையாது. ஆகவே “எங்கிருந்தோ செல்போனில் மாற்றுகிறார்கள்” என்று சொல்பவர், முதலில் உள்ளே ஒரு ரிசீவரை யார், எப்போது வைத்தார்கள் என்று சொல்ல வேண்டும். ஆனால் இன்னொரு கேள்விக்கு நிஜமாகவே இடம் இருக்கிறது. வேட்பாளர் பட்டியல் முடிவான பிறகு, சின்னங்களையும் பெயர்களையும் விவிபாட்டில் ஏற்ற வேண்டும். அதற்குச் சின்னம் ஏற்றும் கருவி ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து தகவல் உள்ளே போகும் இடம் அது. விஷயம் தெரிந்த விமர்சகர்கள் கை வைப்பது அங்கேதான். நீங்கள் மெஷின் பக்கம் நின்று பேசினாலும் இதை மறைக்காதீர்கள்.

வாக்குப்பதிவு நாளன்று காலையில், கட்சி ஏஜென்ட்டுகள் முன்னால் குறைந்தது 50 வாக்குகள் போட்டு மாதிரி வாக்குப்பதிவு நடத்துவார்கள். எண்ணிக்கையும் சீட்டுகளும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, அதையெல்லாம் அழித்துவிட்டு, விவிபாட் சீட்டுகளை வெளியே எடுத்துவிட்டு, சீல் வைத்துத்தான் தொடங்குவார்கள்.

படி 3: எதிரில் இருப்பவரின் வாதத்தை அவரைவிட நன்றாகச் சொல்லுங்கள்

புதியவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் முக்கியம்.

மெஷினைச் சந்தேகிக்கிறவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று தள்ளிவிட முடியாது. 2010ல் ஒரு ஆராய்ச்சிக் குழு, நிஜமான இந்திய வாக்கு மெஷின் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, உள்பாகத்தை மாற்றினால் முடிவை மாற்ற முடியும் என்று செய்துகாட்டியது. கருவி கையில் கிடைத்தால்தான் அது முடியும் என்பதும் உண்மை. விவிபாட் அப்போது வரவில்லை. 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், வாக்காளரின் நம்பிக்கைக்குக் காகிதச் சான்று தவிர்க்க முடியாதது என்று சொன்னது. இன்று கண்ணாடிக்குப் பின்னால் நாம் பார்க்கும் சீட்டு, சந்தேகப்பட்டவர்கள் விடாமல் கேட்டதால் வந்தது. அந்த மரியாதையை அவர்களுக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

நான்காவது கேள்விக்கு ஜெர்மனியில் ஒரு பலமான பதில் இருக்கிறது. 2005 தேர்தலில் அங்கே பயன்படுத்திய வாக்குக் கணினிகள் அரசியல் சாசனத்துக்கு விரோதமானவை என்று, அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் 2009ல் தீர்ப்பளித்தது. மோசடி நடந்தது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. சிறப்புத் தொழில்நுட்ப அறிவு இல்லாத குடிமகனும் தேர்தலின் முக்கியப் படிகளைச் சரிபார்க்க முடிய வேண்டும் என்றது.

மறுபக்கமும் பலமானதுதான். கேரளாவின் பரவூரில் 1982ல் முதன்முதலாக மெஷினில் ஓட்டுப் போட்டார்கள். 1984ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அப்போதைய சட்டத்தில் மெஷினுக்கு இடமில்லை என்பது காரணம். அதன் பிறகு சட்டத்தையே திருத்தித்தான் மெஷின் வந்தது, பின்வாசல் வழியாக வரவில்லை. காகித வாக்கின் சிரமத்துக்கும் நம் மாநிலத்திலேயே சாட்சி உண்டு: 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் 1,033 வேட்பாளர்கள் நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியிருந்தது.

இரண்டு பக்கத்தையும் சொல்லத் தெரிந்த பிறகுதான் உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள். “இவன் நம்ம சொல்றதைக் கேட்டுட்டுத்தான் பேசறான்” என்று பெரியவர்களுக்குத் தோன்றினால், குரல் தானாகவே இறங்கும்.

படி 4: “எதைப் பார்த்தால் ஒத்துக்கொள்வீர்கள்?” என்று கேளுங்கள்

எங்கள் வேலூரின் சத்துவாச்சாரியில் டீக்கடை ஒன்றில் நான் கேட்ட பேச்சு இது. பெரியவர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எதிரில் அவருக்குத் தெரிந்த வீட்டுப் பையன்.

“இன்னா தம்பி, எதை அமுக்கினாலும் ஒரே சின்னத்துல விழுதாமே?”

“பெரியப்பா, நீங்க போட்டப்ப கண்ணாடியில சீட்டு பார்த்தீங்களா?”

“பார்த்தேன். சரியாத்தான் வந்துச்சு. உள்ள எண்றது வேறயா இருந்தா?”

“அப்ப சீட்டை எண்ணிப் பார்த்தா ஒத்துப்பீங்களா?”

“எண்ணட்டும். ஒத்துக்கறேன்.”

“எண்றாங்க பெரியப்பா. ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு அஞ்சு சாவடி.”

“அஞ்சு போதும்னு யாரு சொன்னது?”

பாருங்கள், “ஒரே சின்னத்தில் விழுகிறது” என்று தொடங்கிய பேச்சு, “எத்தனை சாவடியில் எண்ணினால் போதும்” என்று ஆகிவிட்டது. கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடிய கேள்வி இது. போட்டுப் பார்ப்போம்.

2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 சாவடிகளில் விவிபாட் சீட்டுகளை எண்ணச் சொன்னது. அதற்கு முன் ஒன்றுதான். வேலூர் மக்களவைத் தொகுதிக்குள் வேலூர், அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர் என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகள். ஆக மொத்தம் 30 சாவடி, குலுக்கல் முறையில்.

பத்தில் ஒரு சாவடியில் மோசடி நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குலுக்கலில் வரும் 30ல் ஒன்றுகூட மாட்டாமல் போக வாய்ப்பு நூற்றுக்கு 4 போலத்தான். அதாவது பெரிய அளவில் செய்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். நூற்றில் ஒரு சாவடியில் மட்டும் நடந்திருந்தால்? மாட்டாமல் தப்பிக்க நூற்றுக்கு 74 வாய்ப்பு இருக்கிறது.

“நூற்றில் ஒன்றுதானே, அதனால் முடிவு மாறிவிடுமா?” என்று அடுத்த கேள்வி வரும். 2019ல் வேலூரில் வெற்றி வித்தியாசம் 8,141 வாக்குகள். ஒரு ஓட்டை இங்கிருந்து அங்கே மாற்றினால் வித்தியாசம் இரண்டு குறையும். எனவே 4,071 ஓட்டை மாற்றினால் முடிவு தலைகீழாகிவிடும். 1,500 சாவடி உள்ள தொகுதியில் 15 சாவடியில் பிரித்தால், சாவடிக்கு 270 ஓட்டுக்குக் கொஞ்சம் மேலே. அந்தத் தேர்தலில் இப்படி நடந்தது என்று நான் சொல்லவே இல்லை. அளவு புரிவதற்காகத்தான் நம் ஊர் எண்ணை எடுத்தேன். ஒரே சாவடியில் 270 ஓட்டு இடம் மாறினால், அந்தத் தெருவில் வீடு வீடாகப் போன கட்சிக்காரர்களுக்கு உறுத்தும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

என் கருத்து: வித்தியாசம் லட்சக்கணக்கில் இருக்கும் இடத்தில் 30 சாவடி எண்ணுவது நல்ல சோதனை. சில ஆயிரங்களில் முடிவாகும் இடத்தில் கூடுதலாக எண்ணுவதுதான் நியாயம். எல்லாச் சீட்டையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரல் 26 அன்று நிராகரித்தது. ஆனால் அதே தீர்ப்பில், சின்னம் ஏற்றும் கருவிகளை சீல் வைத்து முடிவு வந்த பிறகு 45 நாள் பாதுகாக்கச் சொன்னது. இரண்டாம், மூன்றாம் இடம் வந்தவர்கள் 7 நாளுக்குள் எழுதிக் கேட்டால், கட்டணம் செலுத்தி, சட்டமன்றத் தொகுதிக்கு 5 சதவீத மெஷின்களைச் சோதிக்கவும் வழி வைத்தது. பெரியப்பாவுக்கும் பையனுக்கும் இரண்டு பேருக்குமே இதில் பேச இடம் இருக்கிறது.

சீட்டில் தவறான சின்னம் வந்ததாக ஒருவர் சொன்னால், அதற்கும் வழி உண்டு. சாவடியை விட்டு வெளியே வராமல் தலைமை அலுவலரிடம் சொல்லி, எழுதிக் கொடுத்து, எல்லோர் முன்னிலையிலும் சோதனை ஓட்டுப் போட்டுக் காட்டலாம். புகார் பொய்யானால் தண்டனை உண்டு. அந்தப் பயத்தில் உண்மையான புகாரும் வராமல் போகும் என்று விமர்சகர்கள் சொல்வது எனக்கும் சரியாகப் படுகிறது.

படி 5: வேறு கேள்வியை நடுவில் இழுக்காதீர்கள், ஆனால் விட்டுவிடவும் வேண்டாம்

வேலூர்க்காரர்கள் பேசினால் ஒரு விஷயம் வராமல் இருக்காது. 2019 ஏப்ரல் 18 அன்று நடக்க வேண்டிய மக்களவைத் தேர்தல், இரண்டு நாள் முன்பு ஏப்ரல் 16ல் இங்கே மட்டும் ரத்தானது. வருமான வரிச் சோதனையில் பிடிபட்ட பெரும் தொகைப் பணம்தான் காரணம். ஆகஸ்ட் 5ல்தான் ஓட்டுப் போட்டோம். நம் ஊர்த் தேர்தலை நிறுத்தியது பண மூட்டை. மெஷின் அதற்குக் காரணம் இல்லை.

இது கனமான உண்மை. ஆனால் மெஷின் கேள்வி பாதியில் இருக்கும்போது “பணம் கொடுக்கறதை விட்டுட்டு மெஷினைப் பேசறீங்களே” என்று வெட்டினால், எதிரில் இருப்பவருக்குப் பதில் கிடைக்காமலே பேச்சு கைமாறிவிடும். முதல் கேள்வியை முடித்துவிட்டு, “இதையும் பேசுவோமா?” என்று தனியாக எடுங்கள்.

படி 6: வீடியோ வந்தால்

பேச்சு சூடாகும்போது யாராவது ஒரு வீடியோவை நீட்டுவார்கள். எந்த ஆண்டு, எந்த நாட்டு மெஷின், மூன்று பெட்டியில் எது? இதைக் கேட்டுவிட்டு, பதில் தெரியாவிட்டால் ஓரமாக வைத்துவிடுங்கள். வயதில் பெரியவர் அனுப்பியது என்றால், பத்துப் பேர் முன்னால் தப்பு என்று காட்டாதீர்கள். இறங்கும்போது தனியாகச் சொன்னால் போதும்.

படி 7: ஒருமுறை உள்ளே போய் உட்காருங்கள்

ஓட்டுரிமை வந்தவர்கள், உங்களுக்குப் பிடித்த கட்சியோ சுயேச்சையோ யாராக இருந்தாலும், ஒரு தேர்தலில் பூத் ஏஜென்ட்டாக உட்காரக் கேளுங்கள். காலை 7 மணிக்கு ஓட்டுப் போடத் தொடங்கும் என்றால், 5:30க்கே மாதிரி வாக்குப்பதிவுக்குப் போய்விட வேண்டும். 50 ஓட்டையும் எண்ணும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். சீல் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வாக்குப்பதிவு முடிந்ததும் படிவம் 17சி நகலைக் கையெழுத்தோடு கேட்டு வாங்குங்கள். அந்தச் சாவடியில் மொத்தம் எத்தனை ஓட்டு பதிவானது என்பது அதில் இருக்கும். எண்ணிக்கை நாளன்று அதே கன்ட்ரோல் யூனிட் மேசைக்கு வரும்போது, திரையில் காட்டும் மொத்தமும் உங்கள் கையில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று உங்கள் வேட்பாளரின் ஏஜென்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு ஓட்டு வித்தியாசம் வந்தாலும் அங்கேயே எழுதிக் கொடுக்கலாம்.