பழைய டர்ன்டேபிளுக்குக் கார்ட்ரிட்ஜ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ரெகார்டு பிளேயரின் மோட்டாரைச் சுத்தம் செய்து, பெல்ட் மாற்றி, பேரிங்கில் புது எண்ணெய் விட்டு, வேகமும் சரியாகிவிட்டது. அடுத்தது கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்சிக்னலாக்கும் சிறு பெட்டி. பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். கையில் இருக்கும் பணத்துக்கு எது உயர்ந்ததோ அதை வாங்கி மாட்டிவிட்டு, பாஸ் குழம்புகிறது, பாட்டில் 'ச', 'ஸ' வரும் இடமெல்லாம் கீறுகிறது என்று அல்லாடுகிறார்கள். பழைய மெஷினைப் பொறுத்தவரை எந்தக் கார்ட்ரிட்ஜ் என்பதை முடிவு செய்வது அதன் டோன் ஆர்ம்தான், அதாவது கார்ட்ரிட்ஜைத் தாங்கி ரெகார்டின் மேல் நகரும் கை. விலையும் பெயரும் அதற்குப் பிறகுதான்.

ஒவ்வொரு ஆர்முக்கும் 'எஃபெக்டிவ் மாஸ்' என்று ஓர் அளவு உண்டு. ஆர்ம் அசையும்போது ஊசி சுமக்கும் நிறை அது. தராசில் காட்டும் எடை அல்ல. கார்ட்ரிட்ஜுக்குள் ஊசித்தண்டைப் பிடித்திருக்கும் ரப்பர் எவ்வளவு நெகிழும் என்பது கம்ப்ளையன்ஸ். நிறையும் நெகிழ்வும் சேர்ந்தால் ஸ்பிரிங்கில் தொங்கும் எடை மாதிரி ஓர் இயல்பான அதிர்வெண்ணில் ஆடும். அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் அடங்க வேண்டும். அதற்கு மிகக் கீழே போனால் ரெகார்டின் வளைவும் வீட்டில் நடப்பவர்களின் காலடியும் ஆர்மை ஆட்டிவிடும். மேலே போனால் அந்த ஆட்டம் பாஸ் சுரங்களை நெருங்கிவிடும்.

கணக்கு எளிது. ஆர்மின் எஃபெக்டிவ் மாஸ், கார்ட்ரிட்ஜ் எடை, திருகுகளின் எடை மூன்றையும் கிராமில் கூட்டி, கம்ப்ளையன்ஸால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159ஐ அதனால் வகுக்க வேண்டும். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிளின் ஆர்ம் 12 கிராம். ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜ் 7.2 கிராம், கம்ப்ளையன்ஸ் 20. திருகுக்கு 1 கிராம் வைத்தால் விடை சுமார் 8 ஹெர்ட்ஸ், வரம்பின் கீழ் விளிம்பில் பொருந்தும். அதே ஆர்மில் கம்ப்ளையன்ஸ் 40 உள்ள 6 கிராம் கார்ட்ரிட்ஜை மாட்டினால் 6 ஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்கிவிடும். கொஞ்சம் வளைந்த ரெகார்டு போட்டாலே ஸ்பீக்கர் கூம்பு முன்னும் பின்னும் தள்ளாடுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் பலர் கம்ப்ளையன்ஸை 100 ஹெர்ட்ஸில் அளந்து தருகிறார்கள். மேலே சொன்ன கணக்குக்கு வேண்டியது 10 ஹெர்ட்ஸ் அளவு. டெனான் டிஎல்-103 கார்ட்ரிட்ஜின் விவரத்தாளில் 5 என்றிருக்கும். அதை அப்படியே போட்டால் 12 கிராம் ஆர்மில் 15 ஹெர்ட்ஸ் வரும், ஒத்துவராது என்று ஒதுக்கிவிடுவீர்கள். 100 ஹெர்ட்ஸ் அளவை 1.5 முதல் 2 வரை பெருக்கிக்கொள்வது வழக்கம். 1.7 என்று வைத்தால் 12 ஹெர்ட்ஸுக்குள் வந்துவிடுகிறது. 20 கிராம் கனமான ஆர்ம் என்றால் சரியாக 10. ஆனால் 6 கிராம் ஆர்மில் 14ஐத் தொடும். அங்கே இந்தக் கார்ட்ரிட்ஜ் வேண்டவே வேண்டாம்.

அடுத்து ஆம்ப்ளிஃபயர். டிஎல்-103 ஊசியோடு காயில் அசையும் மூவிங் காயில் வகை, தருவது 0.3 மில்லிவோல்ட்; காந்தம் அசையும் சாதாரண மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் 4, 5 மில்லிவோல்ட் தரும். பழைய ரிசீவரில் டர்ன்டேபிளைச் சொருகும் போனோ இன்புட் இரண்டாவது வகைக்காகச் செய்தது. முன்னதை நேரடியாகச் சொருகினால் வால்யூமை முழுக்கத் திருப்பியும் பாட்டைவிட இரைச்சல்தான் கேட்கும். சிறிய சிக்னலை முன்கூட்டியே பெருக்கும் தனி ப்ரீஆம்ப் அல்லது ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதன் விலையையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

மூவிங் மேக்னட் வாங்குபவர்கள் கோட்டைவிடுவது கெப்பாசிட்டன்ஸில் (மின்தேக்குத்திறன்). ஆர்ம் வயர், கேபிள், போனோ இன்புட் மூன்றும் கூட்டிக் கணக்கு. ஆடியோ டெக்னிக்கா விஎம்95இ கேட்பது 100 முதல் 200 பிகோஃபாரட். அதன் காயில் 550 மில்லிஹென்றி. 200இல் மின் ஒத்ததிர்வு (சிக்னல் தூக்கலாக எழும் இடம்) 15,000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும், 400 ஆனால் 10,700க்கு இறங்கிவிடும். ஜால்ராவும் வயலினும் காதைக் குத்துவதற்குப் பல வீடுகளில் காரணம் இதுதான். ஊசியைக் குறை சொல்வதற்கு முன் நீளம் குறைந்த கேபிள் ஒன்றை மாற்றிப் பாருங்கள்.

பிரிக்காத பெட்டியில் கிடைக்கும் நாற்பது வருடப் பழைய கார்ட்ரிட்ஜ் மீது ஆசைப்படாதீர்கள். ஊசி தேயாமல் இருக்கலாம், ரப்பர் இறுகியிருக்கும் அல்லது குழைந்திருக்கும். முன்பக்கமிருந்து பார்த்தால் ஊசித்தண்டு ஒரு பக்கம் சாய்ந்திருப்பதோ, ஊசியை இறக்கியதும் உடல் ரெகார்டை உரசுவதோ அதன் அடையாளம். பழைய உடலுக்குப் புது ஊசி கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

அறுபதுகளின் ஆட்டோ சேஞ்சர்கள் (ரெகார்டுகளைத் தானே மாற்றிப் போடும் மெஷின்கள்) வேறு கதை. பல மாடல்களில் இருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ். அதன் வெளியீடு நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட். ஆர்மின் பேரிங் உராய்வும், கடைசியில் ஆர்மைத் தூக்கும் லீவரைத் தள்ளும் விசையும் 2 கிராம் அழுத்தத்தில் ஓடும் ஊசிக்குத் தாங்காது; தடம் விட்டுக் குதிக்கும். காந்த வகைக் கார்ட்ரிட்ஜின் சிக்னலைப் பெருக்கி, பாஸையும் உயர் சுரங்களையும் சமன் செய்யும் ஆர்ஐஏஏ ப்ரீஆம்பும் உள்ளே இருக்காது. அதற்குச் செராமிக்கையே தேடுங்கள்.

அழுத்தம் குறைந்தால் ரெகார்டுக்கு நல்லது என்பதும் தவறு. லேசான ஊசி பள்ளத்தின் சுவரில் ஒட்டாமல் மோதி மோதிச் செதுக்கும். பரிந்துரை 1.8 முதல் 2.2 கிராம் என்றால் 2இல் வையுங்கள்.

நிமிடத்துக்கு 78 சுழற்சியில் ஓடும் தமிழ் அரக்கு ரெகார்டுகள் வைத்திருப்பவர்கள் எல்பி ஊசியை அவற்றில் இறக்கக் கூடாது. எல்பி ஊசியின் முனை சுமார் 18 மைக்ரான். அந்த ரெகார்டின் அகன்ற பள்ளத்தில் அடியிலுள்ள தூசியைத்தான் உழும். 75 மைக்ரான் அளவிலான தனி ஊசி வேண்டும். விஎம்95 வரிசையில் 78க்கான ஊசி இருப்பதால் ஊசியை மட்டும் உருவி மாற்றி, அழுத்தத்தை 5 கிராமுக்கு ஏற்றினால் போதும்.

தோரன்ஸ் டிடி-124 டர்ன்டேபிள் வைத்திருந்தால் இன்னொன்று. அதன் முந்தைய தயாரிப்புகளில் ரெகார்டைத் தாங்கிச் சுழலும் தட்டு வார்ப்பிரும்பு. வலுவான காந்தமுள்ள மூவிங் காயில் கார்ட்ரிட்ஜை அது கீழே இழுக்கும்; ஆர்மில் 2.5 கிராம் வைத்தாலும் ஊசியில் விழுவது அதைவிட அதிகம். காந்தம் ஒட்டாத அழுத்த கேஜை ரெகார்டின் உயரத்தில் வைத்து, அந்தத் தட்டின் மேலேயே அளந்து ஆர்மில் வைத்த அழுத்தத்தைக் குறையுங்கள்.

கார்ட்ரிட்ஜை மாட்டும்போது ஆர்ம் வயர்களில் வெள்ளை இடது பாசிட்டிவ், நீலம் இடது நெகட்டிவ், சிவப்பு வலது பாசிட்டிவ், பச்சை வலது நெகட்டிவ். கிளிப் தளர்ந்திருந்தால் மூக்குக் குறடால் மெல்ல நெருக்குங்கள். கார்ட்ரிட்ஜ் பின்னில் நேரடியாகச் சால்டர் வைத்தால் அந்தச் சூட்டில் உள்ளே மயிரிழைக் கம்பி அறுந்துவிடும்.