ஒரே வேம்பு, வருஷம் முழுக்கப் படம்

பருவம் மாறுவது படத்தில் தெரியவேண்டும் என்றால், கண்ணில் பட்டதையெல்லாம் எடுக்காமல் ஒரு மரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். சென்னைப் பக்கம் வேம்பு போதும். மொட்டைமாடியில் நிற்கிற இடத்தைப் பெயிண்டால் குறித்து, ஃபோனைக் கைப்பிடிச் சுவரின் அதே மூலையில் வைத்து, மாதம் இருமுறை காலை ஏழு மணிக்கு எடுங்கள். ஜூம் வேண்டாம். போன தடவை எடுத்த படத்தைத் திறந்து, தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு அதே இடத்தில் விழுகிறதா என்று ஒத்துப் பாருங்கள்.

மாசியில் இலை கொட்டும். பங்குனியில் வரும் செம்புநிறத் துளிரை வெயிலுக்கு எதிராக நின்று எடுங்கள். வெளிச்சம் இலையை ஊடுருவி, நரம்புகூடத் தெரியும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் அதே துளிர் தட்டையாகிவிடும்.

சித்திரைப் பூவில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பூ வெள்ளை, பின்னால் இருண்ட இலை. கேமரா இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்ட, பூ சுண்ணாம்புத் திட்டாக வெளுத்துப்போகிறது. திரையில் பூவை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். தனிக் கேமராவில் என்றால் வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) மைனஸ் 0.7-க்கு இறக்குங்கள். காம்பு ஆடினால் ஒரு குச்சியை ஊன்றித் துணி கிளிப்பால் சேர்த்துப் பிடிக்கலாம். இதழ்கள் முழுதும் துல்லியமாக வர, அந்தக் கேமராவில் அப்பெர்ச்சரை (லென்ஸ் திறப்பின் அளவு) f/8 முதல் f/11 வரை வையுங்கள். ஆடிக்காற்றில் இந்தக் கிளிப் வித்தை செல்லாது. பழம் தின்ன வரும் குயிலை ஷட்டர் வேகம் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) 1/1000 விநாடி வைத்துத் தொடர்ச்சியாக எடுத்து, தேறியதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி மழை வானத்தைப் பின்னணியாக்கினால் படத்தில் காணாமல் போகும். கரிய அடிமரத்தை மழைக்குப் பின்னால் வையுங்கள்: ஷட்டர் வேகம் 1/60 வைத்தால் கோடு கோடாக விழும், 1/1000 வைத்தால் துளித்துளியாக நிற்கும். ஏசி அறையிலிருந்து நேரே வெளியே கொண்டுபோனால் லென்ஸில் ஆவி படியும். துடைத்தாலும் திரும்பப் படியும். பையில் மூடியே வைத்து, வெளியே இருபது நிமிடம் விட்டுப் பிறகு எடுங்கள்.

மார்கழியில் சிலந்தி வலையில் பனித்துளி கோத்திருக்கும். பக்கவாட்டு வெயிலில், நிழலான சுவரைப் பின்னணியாக்கி எடுங்கள். ஃபோனை வலைக்கு இணையாகப் பிடிக்காவிட்டால் பாதி வலை மங்கிவிடும். ஸ்ப்ரே பாட்டிலால் தண்ணீர் அடிப்பவர்களும் உண்டு. துளிகள் தாறுமாறாகப் பெரிசாக விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். வெயில் ஏறினால் பனி போய்விடும், காபியை அப்புறம் குடியுங்கள்.