மொறிஸ் மைனர் றேடியோவில் கரகரப்பா? கொண்டென்சர் மாற்றும் முறை

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் காரை நிறுத்துகிறவர்களுக்கு உப்புக்காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. என் மொறிஸ் மைனரில் றேடியோ போட்டால் பாட்டை விட 'டக் டக்' சத்தம்தான் கூடக் கேட்டது. பிழை றேடியோவில் இல்லை. பிளக்கில் பாயும் ஒவ்வொரு தீப்பொறியும் றேடியோ அலையைக் கிளப்பும். அதை அடக்கும் கொண்டென்சர் செத்துப் போயிருந்தது.

எதையும் கழற்ற முதல் சத்தத்தைக் கேளுங்கள். றேடியோவை ஏஎம்மில் வைத்து எஞ்சினை ஓட விடுங்கள். அக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க 'டக் டக்' வேகமானால் பிழை இக்னிஷனில், அதாவது பொறி உண்டாக்கும் பகுதியில். ஊளையிடுவது போல ஏறினால் பற்றரியைச் சார்ஜ் பண்ணும் டைனமோவில். எஞ்சினை நிறுத்தியும் கரகரத்தால் கொண்டென்சர் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம், ஏரியலைப் பாருங்கள்.

சாமானைக் கொழும்பில் கார் உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் தேடலாம். 'றேடியோ கொண்டென்சர், 1 மைக்ரோஃபரட்' என்று தெளிவாகச் சொல்லுங்கள். வெறுமனே கொண்டென்சர் என்றால் பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் போடுவதைத் தந்துவிடுவார்கள். பார்வைக்கு அதுவும் ஒற்றை வயர் நீட்டிய தகரக் குப்பிதான், ஆனால் 0.2 மைக்ரோஃபரட் அளவில்தான் இருக்கும்.

பூட்ட முதல் மல்ட்டிமீட்டரின் ஒரு முனையை வயரிலும் மற்றதைத் தகரத்திலும் வையுங்கள். தொடர்ந்து பீப் அடித்தால் உள்ளே ஷோர்ட், திருப்பிக் கொடுங்கள். மைனரின் இக்னிஷன் வயருக்கு ஃபியூஸ் கிடையாது. ஷோர்ட்டான கொண்டென்சரைப் பூட்டினால் வயர் உருகிவிடும்.

சரி, இனி வேலை. பற்றரியில் பாடிக்குப் போகும் வயரைக் கழற்றுங்கள். பழைய மைனரில் அது பொசிட்டிவ் முனை, பயப்பட வேண்டாம். இந்தக் கொண்டென்சருக்கு பொசிட்டிவ், நெகட்டிவ் பேதமில்லை.

பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட்டைக் கொடுக்கும் கொயிலில் எஸ்டபிள்யூ (SW), சிபி (CB) என்று இரண்டு முனை இருக்கும். கொண்டென்சர் வயர் எஸ்டபிள்யூவுக்கு, அதாவது சாவி ஸ்விச்சில் இருந்து வயர் வரும் பக்கத்துக்கு. நான் முதல் தடவை சிபியில் பூட்டிவிட்டு, பம்பலப்பிட்டிச் சந்தியில் கார் இருமி இருமி நிற்க, பின்னால் ஒரு பஸ்காரரின் ஹோர்னை முழுதாகக் கேட்டேன்.

அடுத்ததுதான் முக்கியம். கொண்டென்சரின் மற்ற முனை அந்தத் தகர உடம்புதான், அதைக் கொயில் பிராக்கெட்டின் போல்ட்டில் இறுக்க வேண்டும். அந்தப் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட்டோ கறளோ இருந்தால் புதிது போட்டும் பழைய கதைதான். சாண்ட் பேப்பரால் வெள்ளை இரும்பு மினுங்கும் வரை தேயுங்கள். இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் கிறீஸ் பூசினால் உப்புக்காற்றுக்குத் தாங்கும்.

டைனமோவுக்கும் இதே மாதிரி ஒன்று. வயரைப் பெரிய முனையான டியில் (D) மட்டும் பூட்டுங்கள். சின்ன முனையான எஃப்பில் (F) பூட்டினால், சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் பொயின்ட் கருகும்.

பற்றரியை மாட்டி ஓட்டிப் பாருங்கள். இன்னும் மெல்லிசாக 'டிக் டிக்' கேட்டால் பிளக் மூடிகளை 5,000 ஓம் மூடிகளாக மாற்றலாம். வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பூட்டுங்கள், மொத்தமாகக் கழற்றினால் சிலிண்டர்களுக்குப் பொறி போகும் 1-3-4-2 ஒழுங்கு குழம்பும். உங்கள் பிளக்கோ வயரோ ஏற்கனவே ரெசிஸ்டர் வகை என்றால் இந்த மூடி வேண்டாம். எல்லாம் சேர்ந்தால் பொறி பலவீனமாகி, காலையில் ஸ்டார்ட் எடுக்கவே கஷ்டப்படும்.