கேமராவை ஏன் கீழே வைக்கவில்லை? ஃபவுண்ட் ஃபுட்டேஜ் குறும்படம் எடுக்கத் தொடங்குபவர்களுக்கு

யாரோ படம்பிடித்தது, பிறகு வேறு யாரோ கண்டெடுத்தது. அப்படிக் கிடைத்த நிஜப் பதிவு போலவே எடுக்கும் கதைப்படம், பெரும்பாலும் பயமுறுத்தும் படம், அதுதான் ஃபவுண்ட் ஃபுட்டேஜ். ஒரு போனும் மூன்று நண்பர்களும் இருந்தாலே தொடங்கிவிடலாம். ஆனால் கேமராவை ஆட்டினால் போதும் என்று இறங்கினால், இரண்டாவது நிமிடத்திலேயே பார்ப்பவருக்கு நம்பிக்கை போய்விடும்.

முதலில் ஒரு தாளை எடுத்து மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். யார் படம்பிடிக்கிறார்? எதற்காக? உயிருக்கு ஆபத்து என்று தெரிந்த பிறகும் ஏன் கேமராவைக் கீழே வைக்கவில்லை?

மூன்றாவதற்குப் பதில் கிடைக்கும்வரை படப்பிடிப்புக்குப் போகாதீர்கள். 2007இல் வந்த ஸ்பானியப் படம் ‘ரெக்’கைப் பாருங்கள். அதில் கேமரா பிடிப்பவர் தொலைக்காட்சி ஒளிப்பதிவாளர். பதிவு செய்வது அவர் தொழில், அதனால் தொடக்கத்தில் கேள்வியே எழாது. கடைசியில் கேமரா விளக்கும் போய்விடுகிறது. அந்த இருட்டில் எதையாவது பார்க்க வேண்டுமென்றால் கேமராவின் நைட் விஷன் மட்டும்தான் வழி. இப்போது அதைக் கீழே வைத்தால் கண்ணே போன மாதிரி. இப்படி, கதை நகர நகர காரணமும் இறுக வேண்டும்.

அடுத்தது கோணம். ஒரே கேமராதான் என்றால் பேசுபவர் முகத்திலிருந்து கேட்பவர் முகத்துக்கு வெட்டிப் போக முடியாது. கையால் திருப்பித்தான் ஆக வேண்டும். திருப்புவதற்குள் ஏதோ ஒன்று தவறிப்போகும். எனக்கு இந்த வகைப் படங்கள் மேல் இவ்வளவு பிரியம் வந்ததே அந்தத் தவறிப்போகும் நொடியால்தான். கேமரா ஆடியே தீர வேண்டும் என்பதும் இல்லை. ஓரன் பெலி தன் சொந்த வீட்டில் சுமார் 15,000 டாலரில் எடுத்த ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’யில், படுக்கையறை ட்ரைபாடில் அசையாமல் நிற்கும் கேமராவும் திரையின் மூலையில் ஓடும் நேரமும்தான் அதிகம் பயமுறுத்தின.

நடிகர்களுக்கு வசனத்தை வரிவரியாக எழுதிக் கொடுக்காதீர்கள். 1999இல் வெளிவந்த ‘தி பிளேர் விட்ச் புராஜெக்ட்’டில் நடிகர்களே கேமராவைச் சுமந்துகொண்டு மேரிலாந்து காட்டுக்குள் நடந்தார்கள். இயக்குநர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குறிப்பு வைத்துவிட்டுப் போவார்கள். ஒருவருக்கு வந்தது மற்றவருக்குத் தெரியாது. நீங்களும் துண்டுச்சீட்டு கொடுத்துப் பாருங்கள். இருட்டில் ஓடும் காட்சி என்றால் மட்டும், அந்தப் பாதையைப் பகலில் இரண்டு முறை எல்லோரும் நடந்து பார்த்துவிடுங்கள். யாரும் அடிபடக் கூடாது.

பின்னணி இசை வேண்டாம். மூச்சு, காற்று, கேமராவைப் பிடித்த விரல் உரசும் சத்தம், இவைதான் இசை. பேச்சு புரியாமல் போகுமோ என்று பயமாக இருந்தால் நடிகரின் சட்டைப்பையில் இன்னொரு போனைப் பதிவில் போட்டு வையுங்கள். தொடக்கத்தில் ஒரு கைதட்டல் பதிவானால் அப்புறம் இரண்டையும் சேர்ப்பது எளிது. சேர்க்கும்போது, தள்ளி நிற்பவர் குரல் தள்ளியே கேட்கட்டும்.

எடிட்டிங்கில், பாத்திரம் கேமராவை அணைத்த இடத்தில் மட்டும் வெட்டுங்கள்.

கடைசி ஷாட்டில் கேமரா விழப்போகிறதா? முதலில் அதைத் தரையில் வைத்து, படுத்துக்கொண்டு பாருங்கள். அங்கிருந்து என்ன தெரிகிறது, கதவா, ஒரு செருப்பா? அதை முடிவு செய்துவிட்டு, விழுந்த பிறகும் அரை நிமிடம் ஓடவிடுங்கள். யாரும் வந்து அணைக்க வேண்டாம்.