முடியைப் பொசுக்காமல் ஹேர் டிரையர் போடுவது எப்படி?

ஹேர் டிரையரைக் கையில் எடுத்தாலே முடி கெட்டுவிடும் என்று ஒதுங்குபவர்கள் ஒரு பக்கம். தண்ணீர் சொட்டச் சொட்ட, இருப்பதிலேயே அதிகச் சூட்டை வைத்து ஐந்து நிமிடத்தில் வேலையை முடிப்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டுமே தேவையில்லை. முடி கெடுவதற்குச் சூடு மட்டுமே காரணமில்லை. நிறைய ஈரம், மிகக் கிட்டத்தில் டிரையர், ஒரே இடத்தில் நிற்கும் காற்று, இந்த மூன்றும் சூட்டோடு சேரும்போது வம்பு அதிகம்.

2011-ல் கொரிய ஆய்வாளர்கள் முடிக்கற்றைகளை ஷாம்பு போட்டு அலசி, உலர்த்தி, திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். டிரையரை 15 செ.மீ. தள்ளிப் பிடித்தபோது முடியில் பட்ட சூடு 47 டிகிரி செல்சியஸ். 5 செ.மீ.க்குக் கொண்டுவந்ததும் அது 95 டிகிரி. அதே டிரையர்தான், தூரம்தான் குறைந்தது! இன்னொன்றும் தெரிந்தது. டிரையரே போடாமல் தானாகக் காயவிட்ட முடியில் மேற்பரப்பு நன்றாக இருந்தது. ஆனால் செல்களை ஒட்டவைக்கும் உள்ளடுக்கு பாதிக்கப்பட்டிருந்தது. நெடுநேரம் ஈரத்தில் ஊறுவதே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றார்கள். தள்ளிப் பிடித்து, கையை அசைத்துக்கொண்டே காயவைப்பது நல்லது என்பது அவர்கள் முடிவு. கீழே வரும் படிகள் எல்லாம் இதைச் சுற்றித்தான்.

1. பாதி வேலை டவலுக்கு

குளித்து முடித்ததும் தலையைப் பரபரவென்று தேய்த்துத் துவட்டாதீர்கள். முடியின் மேல்புறத்தில் கூரை ஓடு வேய்ந்ததுபோல மெல்லிய செதில்கள் வேரிலிருந்து நுனி பார்த்து அடுக்கப்பட்டிருக்கும். தேய்க்கத் தேய்க்க அவை கிளம்பிக்கொள்ளும். முடி சொரசொரப்பாகி ஒன்றோடொன்று சிக்கும். அதனால் முடியைக் கற்றை கற்றையாக டவலுக்குள் வைத்து அழுத்தி அழுத்தி எடுங்கள். மைக்ரோஃபைபர் டவல் நல்லது. இல்லாவிட்டால் பழைய காட்டன் டி-ஷர்ட் போதும், சொல்லப்போனால் சொரசொர டவலைவிட அதுவே மேல். துணி பிழிவதுபோல முறுக்க வேண்டாம்.

அப்புறம் பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா விடுங்கள். டிரையர் எடுக்கலாமா என்று பார்க்க, ஒரு கற்றையை உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். கையில் தண்ணீர் ஒட்டினால் இன்னும் நேரமாகவில்லை. சில்லென்று மட்டும் இருந்தால் சரி, தொடங்கலாம்.

2. சிக்கெடுப்பது

பெரிய பல் சீப்பு, நுனியிலிருந்து மேல்நோக்கி. முதலில் கடைசி நாலு விரல் அளவைச் சீவி, சிக்கு போனதும் கொஞ்சம் மேலே போங்கள். ஈரமான முடி நன்றாக இழுபடும். இழுக்கிறோம் என்பதே தெரியாது. அளவுக்கு மீறி இழுபட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது, அறுந்தும் போகும்.

3. ஹீட் ப்ரொடெக்டன்ட்

சூட்டிலிருந்து முடியைக் காக்க டிரையருக்கு முன் பூசுவது இது. ஸ்ப்ரேயோ கிரீமோ, எதுவானாலும் பெரும்பாலும் உள்ளே இருப்பது சிலிக்கோன் வகைப் பொருட்கள்தான். முடியின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, சூடு உள்ளே போகும் வேகத்தைக் குறைக்கும். தடுத்து நிறுத்தாது. பூசியாகிவிட்டதே என்று சூட்டை ஏற்றினால் பலனில்லை. ஈர முடியில், நடுப்பகுதியிலிருந்து நுனி வரை தடவி, ஒருமுறை சீவிவிட்டால் எல்லா இடமும் படும். தலைத்தோலில் வேண்டாம், பிசுபிசுக்கும். டிரையர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்ப்ரே அடிக்கவும் கூடாது. அவற்றில் பல தீப்பற்றக்கூடியவை.

இதற்குப் பதிலாக எண்ணெய் தடவலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நான் தடவமாட்டேன். முடி கற்றையாக ஒட்டிக்கொண்டு காய நேரமாகும். நேரமானால் சூடும் அதிகம் படும்.

4. சூடு குறைவு, காற்று அதிகம்

பல டிரையர்களில் சூட்டுக்கு ஒரு பொத்தான், காற்றின் வேகத்துக்கு ஒரு பொத்தான் என்று தனித்தனியாக இருக்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் இரண்டையும் ஒன்றாகவே ஏற்றிவிடுவார்கள். ஈரத்தை அடித்துக்கொண்டு போவதில் காற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் வேகம் அதிகம், சூடு நடுத்தரம். முடி மெல்லியதாகவோ, சாயம் போட்டதாகவோ, ஸ்ட்ரெயிட்டனிங் செய்ததாகவோ இருந்தால் சூடு இன்னும் குறைவு.

தூரம் 15 செ.மீ., அதாவது முக்கால் சாணுக்குக் கொஞ்சம் குறைவு. முடி இருக்கும் இடத்தில் புறங்கையைக் காட்டிப் பாருங்கள். கையை இழுத்துக்கொள்ளத் தோன்றினால் அந்தச் சூடு முடிக்கும் ஆகாது. கை அசைந்துகொண்டே இருக்கட்டும். ஒரு இடத்தில் இரண்டு விநாடிக்கு மேல் நிறுத்தாதீர்கள்.

5. முதலில் வேர், கடைசியில் நுனி

தலையைக் கொஞ்சம் சாய்த்து, விரல்களால் முடியைக் கோதிவிட்டபடி பிடரி, காதோரம், உச்சி என்று வேர்ப்பக்கத்தை உலர்த்துங்கள். சீப்பு இப்போது வேண்டாம். காயத் தாமதமாகும் இடம் பிடரிதான்; பலரும் மறந்துவிடும் இடமும் அதுவே. வேரைக் காயவைக்கும்போதே மீதி முடியும் ஓரளவு காய்ந்துவிடும்.

நுனியைக் கடைசிக்கு விடுவதற்குக் காரணம் இருக்கிறது. முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும். அப்படியானால் 30 செ.மீ. நீள முடியின் நுனிக்கு இரண்டரை வயது. அத்தனை காலச் சீப்பு, வெயில், ஷாம்பு எல்லாவற்றையும் தாங்கிய பகுதி அது. மேலே இருப்பதைவிட நுனி சீக்கிரம் கெடும் என்று வைத்துக்கொண்டே கையாளுங்கள்.

6. பிரித்துப் பிரித்து முடிப்பது

முக்கால்வாசி காய்ந்த பிறகுதான் பிரஷ். முடியை நான்காகப் பிரித்து, மேல்பகுதிகளைக் கிளிப் போட்டுத் தூக்கிவிட்டு, அடியிலிருந்து தொடங்குங்கள். டிரையரின் வாயில் பொருத்தும் தட்டையான நாசிலை மாட்டிக்கொள்ளுங்கள். காற்று எப்போதும் வேரிலிருந்து நுனியை நோக்கியே போக வேண்டும். அப்போது அந்தச் செதில்கள் படிந்து, முடி பளபளப்பாக இருக்கும். கீழிருந்து மேலாக ஊதினால் புசுபுசுவென்று கிளம்பிக்கொள்ளும். நாசில் காற்றை ஒரே இடத்தில் குவிக்கும் என்பதால் அதை முடியில் உரசவிடாதீர்கள். உலோக உருளை கொண்ட பிரஷ் தானும் சூடேறி முடியைச் சுடும். பழகும் வரை அதைத் தவிர்க்கலாம்.

சுருள் முடிக்காரர்கள் இந்தப் படியை விட்டுவிடலாம். காற்றைப் பரப்பிவிடும் கிண்ணம் போன்ற டிஃப்யூசரை மாட்டி, வேகத்தையும் சூட்டையும் குறைத்து, சுருளை அதன் கிண்ணத்தில் ஏந்திக் காட்டினால் போதும்.

7. எப்போது நிறுத்துவது

கூல் ஷாட் பொத்தானை அழுத்தி அரை நிமிடம் குளிர்காற்று விடுங்கள். முடி நனையும்போது, அதன் வடிவத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் விடுபடும். காய்ந்து ஆறும்போது திரும்பச் சேரும். நீங்கள் கொடுத்த வடிவம் நிற்பது அதனால்தான். ஆறியபின் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும் முடியில் லேசான ஈரம் கைக்குத் தெரியாது. காய்ந்திருந்தால் அதோடு சரி. இன்னும் ஒரு சுற்று என்று தொடர்வதில்தான் பல முடிகள் வறண்டுபோகின்றன.

இதன்மேல் ஸ்ட்ரெயிட்டனர் போடுவதாக இருந்தால் முடி முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். வைத்ததும் சொய்ங் என்று சத்தம் வந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் கொதிக்கிறது என்று பொருள். அந்த ஆவி முடிக்குள்ளேயே குமிழ் குமிழாகப் புடைத்து, அந்த இடத்தில் முடி ஒடியும். பொசுங்கும் வாசனை வந்தாலோ, முடியில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தாலோ சில வாரங்கள் சூட்டுக்கு ஓய்வு கொடுங்கள். வெடித்த நுனியை எந்த சீரமும் ஒட்டவைக்காது, வெட்டிவிடுவதுதான் வழி.

கடைசியாக டிரையரின் பின்பக்க வலை. தூசும் முடியும் அடைத்துக்கொண்டால் காற்று குறைந்து, உள்ளே சூடு தேங்கும். மெஷின் திடீர் திடீரென்று தானாக நின்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் மாதம் ஒருமுறை தட்டித் துடைத்தால் போதும்.