ஸ்லைடிங் ஜன்னலுக்குத் தானாகப் பூட்டும் லாக்: ஷட்டரைச் சரிசெய்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

"தம்பி, ஜன்னல் லாக் போயிடுச்சு, நல்லதா ஒண்ணு வாங்கி மாட்டிக் குடுங்க." எனக்கு வரும் ஃபோன்களில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் லாக்கில் ஒரு குறையும் இருக்காது. ஷட்டர், அதாவது நாம் தள்ளித் திறக்கும் கண்ணாடிப் பலகை, இறங்கியிருக்கும். கொக்கி ஒரு உயரத்தில் நிற்கும், அது போய் விழவேண்டிய ஓட்டை இன்னொரு உயரத்தில் இருக்கும். அந்த ஜன்னலில் எவ்வளவு விலை கொடுத்து எந்த லாக்கை மாட்டினாலும் மூன்று மாதத்தில் அதுவும் பிடிக்காது. திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் அலுமினிய ஜன்னல் வேலைதான் எனக்குப் பிழைப்பு. உப்புக்காற்று லாக்கைத் தின்பது உண்மைதான், ஆனால் அதற்கு முன்பே பேரிங்கைத் தின்றுவிடும். பேரிங் என்று நாங்கள் சொல்வது ஷட்டரின் அடியில் உருளும் சின்னச் சக்கரம்.

முதலில் எந்த லாக் தானாகப் பூட்டும், எது பூட்டாது என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊர் அலுமினிய ஸ்லைடிங் ஜன்னலில் அதிகம் இருப்பது டச் லாக். ஷட்டரின் ஓரத்தில், ஃபிரேமோடு போய் மூடும் ஹேண்டில் செக்‌ஷனுக்குள் பதிந்து உட்கார்ந்திருக்கும் (செக்‌ஷன் என்பது ஷட்டரின் அலுமினியச் சட்டம்). ஷட்டரை மூடும்போது கொக்கியின் சாய்வான மூக்கு ஃபிரேமில் வெட்டிய ஓட்டையின் விளிம்பில் ஏறும், உள்ளே போனதும் ஸ்பிரிங் அதைத் தள்ளிப் பிடிக்க வைக்கும். திறக்க விரலால் நெம்பினால் போதும். ஆனால் கடையில் டச் லாக் என்று கேட்டால் இரண்டு விதமும் கொடுப்பார்கள். ஒன்று மூடினாலே விழும். இன்னொன்று மூடியபிறகு நாம் விரலால் அழுத்தினால்தான் விழும். அட்டைப் பெட்டியைப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. லாக்கைக் கையில் வாங்கி, கொக்கியின் மூக்கை விரலால் தள்ளிப் பாருங்கள். உள்ளே போய், விட்டதும் தானாகத் திரும்பி வந்தால் அதுதான் நீங்கள் தேடுவது.

இரண்டு ஷட்டரும் நடுவில் ஒன்றின் மேல் ஒன்று சேரும் இன்டர்லாக்கில் அரைவட்டமாக ஒன்று இருக்கும், கிரசண்ட் லாக். அது தானாகப் பூட்டாது, கையால் திருப்ப வேண்டும். ஆனால் திருப்பும்போது இரண்டு ஷட்டரையும் இழுத்து இறுக்கிவிடும், அதனால் காற்றில் கடகட சத்தம் குறையும். உயரமான மாடி என்றால் டச் லாக் போட்டாலும் கிரசண்டைக் கழற்றாதீர்கள். 2016 டிசம்பர் 12 வர்தா புயல் அன்று சென்னையில் இருந்தவர்களுக்கு, ஒரே இடத்தில் மட்டும் பிடித்திருக்கும் ஷட்டர் எப்படி ஆடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, இப்போது ஷட்டர். மெதுவாகத் தள்ளி, ஃபிரேமைத் தொடும் முன் ஒரு விரல் இடைவெளியில் நிறுத்துங்கள். அந்த இடைவெளி மேலேயும் கீழேயும் ஒரே அளவாக இருக்கிறதா? ஒரு நூலுக்கு மேல், அதாவது சுமார் 3 மி.மீ.க்கு மேல், வித்தியாசம் இருந்தால் ஷட்டர் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. ஷட்டரின் பக்கவாட்டில் கீழ்ப்பகுதியில் சின்ன ஓட்டை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் உள்ளே பேரிங்கை ஏற்றி இறக்கும் ஸ்க்ரூ இருக்கும். ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பி, ஷட்டரை ஓட்டிப் பார்த்து, திரும்பவும் கால் சுற்று. அவசரப்பட்டு முழுச் சுற்று திருப்பினால் மேல் டிராக்கில் முட்டும்.

ஓட்டை இல்லை என்றால் அது அட்ஜஸ்ட் செய்யமுடியாத பேரிங். ஷட்டரைக் கழற்றி மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஷட்டரை மேல் டிராக்குக்குள் தூக்கி, அடிப்பகுதியை வீட்டுக்குள் பக்கமாக இழுத்தால் கழன்று வரும். இரண்டு பேர் வேண்டும். கண்ணாடி 1 மி.மீ. கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. நாலடிக்கு இரண்டடி ஷட்டரில் 5 மி.மீ. கண்ணாடி இருந்தால் கண்ணாடி மட்டுமே ஒன்பது கிலோவைத் தாண்டும், செக்‌ஷன் எடை தனி. மாடியில் கிரில் இல்லாத ஜன்னல் என்றால் இதை நீங்களே செய்யாதீர்கள், ஆள் கூப்பிடுங்கள். கீழே ஒரு பைக்கோ ஒரு பாட்டியோ நிற்கும் ஊர் இது.

பேரிங் சரியாக இருந்தும் சாய்ந்தால் ஃபிரேமைப் பாருங்கள். மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு பக்கமும் டேப் பிடியுங்கள். இரண்டு அளவும் ஒன்றாக வரவேண்டும். வரவில்லை என்றால் சுவரோ ஃபிரேமோ நகர்ந்திருக்கிறது. அது லாக் வேலை கிடையாது, வேறு வேலை.

இவ்வளவும் ஆனபிறகு பழைய லாக்கை மறுபடி முயன்று பாருங்கள். பல வீடுகளில் கதை இங்கேயே முடிந்துவிடும். லாக் விற்ற கமிஷன் எனக்குப் போச்சு, பரவாயில்லை.

நிஜமாகவே லாக் போயிருந்தால் பழையதைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். ஃபோட்டோ போதாது. மேல் ஸ்க்ரூவின் மையத்திலிருந்து கீழ் ஸ்க்ரூவின் மையம் வரை உள்ள தூரம் ஒன்றாக இருக்கவேண்டும், உள்ளே போகும் பெட்டியின் நீளமும் ஆழமும் ஒன்றாக இருக்கவேண்டும். இந்த மூன்றும் பொருந்தினால் புது ஓட்டை போடாமலே வேலை முடியும். வலது, இடது பார்த்து வாங்குங்கள். சிலவற்றில் கொக்கியைத் திருப்பிப் போடலாம், எல்லாவற்றிலும் முடியாது.

அலுமினிய வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கவனிக்கத் தவறும் விஷயம் ஒன்று உண்டு. வெளி டிராக்கில் ஓடும் ஷட்டருக்குத் துருத்திக்கொண்டு நிற்கும் லாக் போடக்கூடாது. உள் டிராக் ஷட்டர் அதைக் கடந்து ஓடும்போது மோதும். மூன்று டிராக் ஜன்னல் என்றால் கொசுவலை ஷட்டரும் சேர்ந்து மோதும். வெளி ஷட்டருக்குச் செக்‌ஷனோடு மட்டமாகப் பதிந்து நிற்கும் லாக்தான். பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வகை வேண்டுமென்றால், வீட்டுக்குள் பக்கம் கடைசியாக ஓடும் ஷட்டரில் மட்டும்.

கடற்கரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் ஸ்பிரிங்கும் ஸ்க்ரூவும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று கேளுங்கள். முடிந்தால் 316 தரம், இல்லையென்றால் 304. சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொண்டு ஸ்க்ரூவில் வைத்துப் பாருங்கள். லேசாக இழுத்தால் பரவாயில்லை, பச்சக்கென்று ஒட்டினால் வேண்டாம். சாதாரண இரும்பு ஸ்க்ரூவை அலுமினியத்தில் முடுக்கினால் ஸ்க்ரூ துருப்பிடிப்பதோடு அதைச் சுற்றி அலுமினியமும் வெள்ளைப் பொடியாகப் பூத்து அரிக்கும். பித்தளை ஸ்க்ரூ பார்க்க அழகு, ஆனால் அலுமினியத்துக்கு அது இன்னும் மோசம்.

பழைய லாக்கே இல்லாத ஷட்டரில் புதிதாகப் போடுவதானால் செக்‌ஷனில் காடி வெட்ட வேண்டும். மாஸ்க்கிங் டேப் ஒட்டி, லாக்கை அதன்மேல் வைத்துக் கோடு போடுங்கள். உயரம் உங்கள் கை இயல்பாகப் போகும் இடம். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் அதற்கும் மேலே. சென்டர் பஞ்சால் ஒரு தட்டு தட்டிவிட்டு 3 மி.மீ. பிட்டில் வரிசையாக ஓட்டை போட்டு, நடுவை எடுத்து, அரத்தால் ராவி மட்டமாக்குங்கள். டிரில் பிட்டின் நுனியிலிருந்து எவ்வளவு ஆழம் போகலாம் என்று அளந்து அந்த இடத்தில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். செக்‌ஷனின் மறுபக்கக் காடியில் கண்ணாடியின் விளிம்பு உட்கார்ந்திருக்கிறது. டஃபன்ட் கண்ணாடியாக, அதாவது சூடாக்கி உறுதியாக்கிய கண்ணாடியாக இருந்து பிட் அதன் விளிம்பைத் தொட்டால் கீறலோடு நிற்காது, மொத்தமும் பொடிப்பொடியாகக் கொட்டும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள்.

ஃபிரேமில் கொக்கி விழும் ஓட்டையை அளந்து குறிப்பதைவிட, வீட்டில் இருக்கும் கண்மையை எடுத்துக் கொக்கியின் மூக்கில் தடவி ஷட்டரை மூடுங்கள். எங்கே வெட்டவேண்டும் என்று ஃபிரேமில் கறுப்பாக அச்சு விழும். முதலில் தேவைக்குச் சற்றுச் சின்னதாகவே வெட்டுங்கள். கொக்கி நுழையவில்லை என்றால் எந்த விளிம்பில் இடிக்கிறது என்று மை காட்டும், அந்தப் பக்கம் மட்டும் அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக. பெரிதாக வெட்டிவிட்டால் பூட்டியபிறகும் ஷட்டர் முன்னும் பின்னும் ஆடும், அப்புறம் அதன்மேல் ஒரு தகடு வைத்து மறைக்கவேண்டி வரும். நீள்துளையோடு வரும் தகடு கிடைத்தால் முதலிலேயே போட்டுக்கொள்ளலாம். நாளைக்கு ஷட்டர் இறங்கினாலும் தகட்டைத் தளர்த்தி நகர்த்தினால் போதும்.

இனி பால்கனி. இதில் நான் பிடிவாதக்காரன். உள்ளிருந்து மட்டும் திறக்கக்கூடிய, தானாக விழும் லாக்கைப் பால்கனி ஸ்லைடிங் கதவுக்குப் போட்டுத்தரச் சொன்னால் மாட்டேன். துணி காயப்போட அம்மா வெளியே போவார், கொசு வருகிறதென்று கதவைச் சாத்துவார், அல்லது இரண்டு வயதுப் பிள்ளை உள்ளிருந்து விளையாட்டாகத் தள்ளும். டக். ஃபோன் உள்ளே சோபாவில், அடுப்பில் பால், வாசல் கதவும் உள்தாழ்ப்பாள் போட்டது. அந்தப் பிள்ளைக்கு லாக்கை நெம்பத் தெரியாது. மதிய வெயிலில் ஏழாவது மாடியிலிருந்து வாட்ச்மேனைக் கத்திக் கூப்பிட வேண்டும். ஜன்னலுக்கு நல்லதாக இருக்கும் இந்தக் குணமே பால்கனிக்கு ஆபத்து. அங்கே இரண்டு பக்கமும் பிடியுள்ள லாக் போடுங்கள், அல்லது கொக்கியை உள்ளேயே நிறுத்திவைக்கும் சின்னக் குமிழ் உள்ள வகை, அல்லது அழுத்தினால்தான் பூட்டும் வகை. எதைப் போட்டாலும் மாட்டியவுடன் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே நின்று கதவைப் பலமாக இழுத்துச் சாத்திப் பாருங்கள். வெளியே நிற்பவர் கையில் ஃபோன் இருக்கட்டும்.

லாக் மட்டும் போட்டால் திருடனுக்குப் போதாது. ஷட்டரைத் தூக்கித்தானே மாட்டினோம், அதே போலத் தூக்கிக் கழற்றவும் முடியும். கிரில் இல்லாத ஜன்னலில் மேல் டிராக்குக்குள், ஷட்டர் மூடி நிற்கும் இடத்துக்கு நேர் மேலே, ஒரு நைலான் கட்டையை ஸ்க்ரூ போட்டு வையுங்கள். ஷட்டருக்கும் கட்டைக்கும் நடுவே 2 மி.மீ. சந்து இருந்தால் உரசாமல் ஓடும், ஆனால் மூடிய நிலையில் தூக்க முடியாது. ஷட்டரைத் திறந்து நகர்த்தினால் கட்டை இல்லாத இடத்தில் பழையபடி கழற்றிக் கழுவலாம்.

இரவில் கொஞ்சம் காற்று வேண்டும் என்பவர்களுக்கு: ஷட்டர் சுமார் 100 மி.மீ. திறந்த நிலையில் நிற்கும்படி டிராக்கில் ஸ்க்ரூ வைத்து முடுக்கும் ஸ்டாப்பர் கிடைக்கும். குழந்தை அந்தச் சந்தில் நுழைய முடியாது. ஆனால் பெரியவர் கை நுழையும், நுழைந்த கை ஸ்டாப்பரையும் தளர்த்தும். தரைத்தளத்தில் அதை நம்பித் தூங்க வேண்டாம்.

யு.பி.வி.சி. ஜன்னல் வைத்திருப்பவர்களுக்கு இந்த அரம், கண்மை விவகாரம் அவ்வளவாகப் பொருந்தாது. உள்ளே இரும்புக் குழாய் இருக்கும், கைப்பிடியைத் திருப்பினால் இரண்டு மூன்று இடத்தில் பிடிக்கும். அதில் புதிதாக வெட்டாமல், பொருத்திய கம்பெனியின் உதிரிப் பாகத்தையே கேட்டு வாங்குங்கள். ஷட்டர் இறங்கினால் லாக் பிடிக்காது என்ற விஷயம் மட்டும் அங்கேயும் மாறாது.

பராமரிப்புக்கு ஒரு சிலிக்கான் ஸ்ப்ரே போதும். கொக்கியில் ஒரு பீச்சு, பேரிங்கில் ஒரு பீச்சு. தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். முதல் வாரம் வழுக்கும், அதன்பின் தூசியை இழுத்துப் பசையாகி ஸ்பிரிங்கையே நிறுத்திவிடும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் பழைய டூத் பிரஷ் எடுத்து டிராக்கைத் தேய்த்து, கீழ் டிராக்கில் தண்ணீர் வெளியேறும் சின்ன ஓட்டைகளைக் குச்சியால் குத்தி விடுங்கள். பெயின்ட் அடிக்க வந்தவர்கள் சந்து என்று நினைத்து அவற்றை சிலிக்கானால் அடைத்திருப்பார்கள், பிளேடால் கீறி எடுங்கள். அவை அடைபட்டால் டிராக்கில் தண்ணீர் நிற்கும், பேரிங் அதில் ஊறும், ஷட்டர் மறுபடி இறங்கும்.